யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துவிட்டேன்

கேள்வி: சென்னையில் ஒரு செய்தி சேனலில் நான்கு ஆண்டுகளாக, ரிப்போர்ட்டர்கள் அனுப்பும் செய்திகளைத் தொகுக்கும் டெஸ்கில் வேலை பார்க்கிறேன். எங்கள் முதலாளிக்கு ஒரு கட்சியோடு உள்ள நெருக்கம் ஊரறிந்தது. போன மாதம் நைட் ஷிஃப்டில் ஒரு செய்தி வந்தது. புறநகர் ஏரிக்கரையை வளைத்துக் கட்டடம் எழுப்புவதாகச் சொல்லி அந்தப் பகுதி மக்கள் சாலை மறியல் செய்திருந்தார்கள். ரிப்போர்ட்டர் நல்ல விஷுவலும் பைட்டும் (மக்கள் பேசும் துண்டுக் காட்சி) அனுப்பியிருந்தார். கட்டடம் எங்கள் முதலாளிக்கு வேண்டியவருடையது என்று எனக்குத் தெரியும். காலை ஏழு மணி புல்லட்டினில் அதை வைத்தேன். பிறகு நானே எடுத்து, ஒளிபரப்பாகாதபடி ஹோல்டில் போட்டுவிட்டேன். யாரும் போன் செய்யவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை, மறுநாள் யாரும் கேட்கவும் இல்லை. அப்பாவிடம் சொன்னபோது, “எல்லா சேனலும் இப்படித்தாம்மா. மாசம் பொறந்தா சம்பளம் வருதுல்ல” என்றார். நான் பத்திரிகையாளரா, கட்சி ஊழியரா? வேலையை விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரு வரியைத்தான்: “யாரும் எதுவும் சொல்லவில்லை.” முதலாளி போன் போட்டு மிரட்டுவார், ஆசிரியர் கைகட்டி நிற்பார் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இந்த ஊரின் நியூஸ் டெஸ்க்குகளில் பல வருடம் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி ஒரு போன் வருவது அபூர்வம். வர வேண்டிய தேவையே பெரும்பாலும் இருப்பதில்லை. முதலாளிக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பது வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் எல்லோருக்கும் பழகிவிடும். அதற்குப் பிறகு அவர் ஊரில் இல்லாவிட்டாலும் அவர் வேலை நடக்கும்.

லண்டனில் ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக்குக்குச் சொந்தமான ‘தி சன்’ நாளிதழின் ஆசிரியராக இருந்தவர் டேவிட் யெல்லண்ட். விலகிய பிறகு ஒரு பேட்டியில் அவர் சொன்னதன் சாரம் இது: காலையில் எழுந்து வானொலியில் ஏதாவது செய்தி காதில் விழுந்தால், இதைப் பற்றி ரூபர்ட் என்ன நினைப்பார் என்றுதான் மர்டாக்கின் ஆசிரியர்கள் பெரும்பாலோருக்கு முதலில் தோன்றும். 2012-ல், பிரிட்டிஷ் பத்திரிகைகளின் நடத்தை பற்றி நடந்த லெவிசன் விசாரணையில் மர்டாக்கிடமே இதைக் கேட்டார்கள். அவர் மறுத்தார். மறுத்ததில் எனக்கு வியப்பில்லை. தான் எதுவும் சொல்லவில்லை என்று ஒரு முதலாளி சொல்வது பல நேரம் உண்மையாகவே இருக்கும். சிக்கலே அங்கேதான்.

டெஸ்கில் ஒரு செய்தி எப்படி இல்லாமல் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரிக்கரை மறியல் செய்தி தலைப்புச் செய்திகளில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அது தலைப்பிலிருந்து இறங்கி இரண்டாவது செக்மென்டுக்குப் போகும். அங்கிருந்து இருபது நொடி ஸ்பீட் நியூஸாகும். கட்டடத்தின் பெயரைச் சொல்லும் பெண்ணின் பைட் ‘ஆடியோ சரியில்லை’ என்று வெட்டப்படும். பெயர்ப்பலகை தெரியும் ஷாட் போய், காவல் துறை வேனில் ஆட்களை ஏற்றும் ஷாட் மட்டும் நிற்கும். கீழே ஓடும் ஸ்க்ரோலில் ‘ஏரி ஆக்கிரமிப்பு: பொதுமக்கள் மறியல்’ என்று அடித்தது ‘மறியலால் போக்குவரத்து பாதிப்பு: வாகன ஓட்டிகள் அவதி’ என்று மாறும். ஏரிக்காக ரோட்டில் உட்கார்ந்தவர்கள் அரை மணி நேரத்தில் ஊருக்கு இடைஞ்சல் செய்பவர்களாகிவிடுவார்கள். இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. போக்குவரத்து பாதித்தது நிஜம். வாகன ஓட்டிகள் அவதிப்பட்டதும் நிஜம்.

இன்னொன்றும் நடக்கும். ஒருவர் மீது குற்றச்சாட்டு வந்த அன்று சேனலில் அது வராது. இரண்டு நாள் கழித்து அவர் கொடுக்கும் மறுப்பு மட்டும் ‘பிரேக்கிங்’ போட்டு வரும். பார்ப்பவருக்கு எதை மறுக்கிறார் என்றே தெரியாது, ஆனால் மனிதர் மேல் பரிதாபம் வரும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எந்த சேனல் எந்தக் கட்சியுடையது என்று தெரிந்து வைத்திருக்கிறோம், அதனால் ஏமாற மாட்டோம் என்று. கலைஞர் டிவி யாருடையது, கேப்டன் டிவி யார் ஆரம்பித்தது, மக்கள் டிவி எந்த வட்டாரம், ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு ஜெயா டிவி எந்தப் பக்கம் நின்றது, 2018-ல் நியூஸ் ஜெ ஏன் வந்தது என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். இந்த அறிவு, காட்டப்படும் செய்தியை எடை போட உதவும். காட்டப்படாத செய்தி விஷயத்தில் அதனால் ஒரு பயனும் இல்லை. ஏரிக்கரையில் மறியல் நடந்ததே தெரியாத ஒருவர் எதை வைத்து எடை போடுவார்?

கட்சி பத்திரிகை நடத்துவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. இந்த ஊரில் பத்திரிகை பிறந்ததே அரசியலோடுதான். இந்தியரான முத்துசாமி ஐயரை உயர் நீதிமன்ற நீதிபதியாக்கியதை ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் எதிர்த்தபோது, பதில் சொல்ல 1878-ல் ஆறு இளைஞர்கள் தொடங்கியது ‘தி இந்து’. நீதிக்கட்சிக்கு ‘திராவிடன்’ இருந்தது. ‘விடுதலை’யும் ‘முரசொலி’யும் தாங்கள் யார் என்பதை ஒருநாளும் மறைத்ததில்லை. ‘தினத்தந்தி’யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் 1967-ல் சட்டப்பேரவைத் தலைவரானார். கொடியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவரிடம் வாசகர் ஏமாறுவதில்லை. ‘நடுநிலை’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டு, கல்லூரியும் கட்டுமானமும் கூட்டணிப் பேச்சும் நடத்துகிற முதலாளிதான் எனக்குக் கவலை தருகிறார். வருடக்கணக்கில் லாபமே பார்க்காத செய்தி சேனல்களை சிலர் ஏன் விடாமல் நடத்துகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நஷ்டத்துக்கான ஈடு வேறு எங்கோ கிடைக்கிறது. தேர்தல் சீட்டுப் பேச்சில் கிடைக்கலாம், அனுமதிக் கோப்பு சீக்கிரம் நகர்வதில் கிடைக்கலாம், ரெய்டு வராமல் இருப்பதில் கிடைக்கலாம். நீங்கள் ஹோல்டில் போட்ட அந்தச் செய்தி அந்தக் கணக்கில் ஒரு சின்ன வரவு.

இதில் யார் எதை இழக்கிறார்கள் என்று கேட்டால் நான் 2007-ஐச் சொல்வேன். 1993-ல் கருணாநிதியின் உறவினரான கலாநிதி மாறனின் சன் டிவி வந்தது. சுமங்கலி கேபிள் விஷன் மூலம் வீட்டுக்கு வரும் ஒயரும் அதே குழுமத்தின் கையில் இருந்தது. 2005-ல் ‘தினகரன்’ நாளிதழும் அவர்களிடம் வந்தது. 2006 தேர்தலில் வென்ற தி.மு.க. வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. டிவி வந்த வீட்டுக்கு அடுத்து கேபிள் வேண்டுமே. மறு வருடம் மே 9 அன்று, கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பு ‘தினகரன்’ இதழில் வந்ததைத் தொடர்ந்து அதன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். இருவர் கணினிப் பிரிவில் வேலை பார்த்த இளைஞர்கள், ஒருவர் காவலாளி. எந்தச் செய்தியைப் போடுவது என்று முடிவெடுக்கும் மேஜைக்குப் பக்கத்தில்கூட அவர்கள் உட்கார்ந்ததில்லை.

அடுத்து நடந்ததெல்லாம் மேல்மட்டத்தில். கலாநிதியின் தம்பி தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். செப்டம்பர் 15 அன்று கலைஞர் டிவி வந்தது. அதே ஆண்டு அரசு கேபிள் கழகம் உருவானது. 2008 டிசம்பரில் கருணாநிதி, மாறன் குடும்பங்கள் சமாதானமாயின, அரசு கேபிள் தளர்ந்துபோனது. 2011-ல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா மாதம் 70 ரூபாய் என்று அதை மீண்டும் தூக்கி நிறுத்தினார். ஒயர் கை மாறியது, பார்ப்பவருக்குச் சந்தா குறைந்தது, ஆனால் எந்த சேனல் எந்த நம்பரில் தெரிய வேண்டும் என்பதில் ஆட்சியில் இருப்பவருக்குப் பிடி கிடைத்தது. எந்தக் கட்சியும் அந்தப் பிடியை வேண்டாம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

சட்டம் இதைப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தது. ஒளிபரப்பு போகும் வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல், வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் தீர்ப்பளித்தது. அரசியல் கட்சிகளையும் அரசுகளையும் ஒளிபரப்பிலும் கேபிள் விநியோகத்திலும் அனுமதிக்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது, 2014-ல் இன்னும் விரிவாக. அது சட்டமாகவில்லை. அதைச் சட்டமாக்க வேண்டியவர்களிடமே சேனல்கள் இருக்கின்றன. ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து உங்களுக்கு உதவி வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி உங்கள் மேஜைக்கு வருவோம்.

ஊகிப்பதை நிறுத்துங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். ஒரு செய்தியைத் தூக்கி எறியும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. ஆனால் நீங்கள் அதைச் செய்தீர்கள், அதுவும் அதிகாரம் உள்ளவர் கேட்காமலேயே. செய்தி சரியாக இருந்தால் ரன்டவுனில், அதாவது புல்லட்டின் வரிசையில் வையுங்கள். வேண்டாம் என்றால் ஷிஃப்ட் பொறுப்பாளர் எடுக்கட்டும், இல்லை எது திரைக்குப் போக வேண்டும் என்று பார்க்கும் அவுட்புட் எடிட்டர் எடுக்கட்டும். எடுத்தால், டெஸ்க் குரூப்பில் பணிவாக ஒரு வரி கேளுங்கள்: “ஏரி ஸ்டோரி ஹோல்டில் இருக்கு சார், என்ன பாக்கின்னு சொன்னா ரிப்போர்ட்டர்கிட்ட வாங்கிடறேன்.” இதில் எதிர்ப்பும் இல்லை, முறைப்பும் இல்லை. ஆனால் ஒருவர் காரணம் சொல்ல வேண்டி வருகிறது. பல செய்திகள் காரணம் சொல்ல யாருக்கும் மனம் வராததாலேயே ஒளிபரப்பாகிவிடும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, செய்தியை எடுக்க முடியாதபடி கட்டுவது. மறியலும் கோஷமும் மட்டும் இருந்தால் ‘ஒன் சைட் ஸ்டோரி’ என்று ஒதுக்குவது சுலபம். அந்த இடம் வருவாய்த் துறைப் பதிவேட்டில் நீர்நிலையாக இருக்கிறதா, தமிழ்நாட்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2007-ன் கீழ் நோட்டீஸ் ஏதாவது போயிருக்கிறதா, பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்விலோ உயர் நீதிமன்றத்திலோ மனு இருக்கிறதா என்று ரிப்போர்ட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டடக்காரரின் விளக்கத்தையும் கேட்டு வாங்குங்கள், கொடுக்காவிட்டால் எத்தனை மணிக்குக் கேட்டோம் என்று குறித்து வையுங்கள். நீதிமன்றத்தில் நீதிபதி கேள்வி கேட்ட செய்தியை நிறுத்த எந்த மேனேஜ்மென்டும் கொஞ்சம் தயங்கும், ஏனென்றால் மறுநாள் எல்லா நாளிதழ்களிலும் அது வரும், நம் சேனலில் மட்டும் வராதது பளிச்சென்று தெரியும். ஆவணம் பக்காவாக இருந்தால் நியாயமான எடிட்டருக்கும் முதலாளியிடம் பேச ஒரு பிடி கிடைக்கிறது. அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நம்முடைய கோபத்தைவிட நம்முடைய கோப்பு.

உங்கள் செய்தி இன்னும் சர்வரில் இருக்கும். ஆக்கிரமிப்பு இரண்டு வாரத்தில் மறைந்துவிடாது. தொடர் செய்தியாக அதை மறுபடி கொண்டுவர முடியும்.

எதிர் சேனலில் இருக்கும் நண்பருக்கு ரகசியமாக அனுப்பிவிடலாமா என்று தோன்றியிருக்கும். வேண்டாம். அங்கேயும் ஒரு முதலாளி இருக்கிறார், அவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஏரியைப் பற்றிய செய்தி அங்கே போய் உங்கள் முதலாளியைத் தாக்கும் செய்தியாக மாறும். ஏரிக்கரை மக்கள் அதிலும் காணாமல் போவார்கள். பிடிபட்டால் உங்கள் வேலைக்கு ஆபத்து, ரிப்போர்ட்டருக்கும் ஆபத்து.

எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் கொதித்துப் போகாதீர்கள், தாங்காது. முதலாளியின் கட்சி மாநாட்டை ஒரு மணி நேரம் நேரலையில் காட்டச் சொன்னால் காட்டுங்கள், பார்ப்பவருக்குத் தெரியும் அது என்ன என்று. எதிர்க்கட்சித் தலைவரின் பேச்சைப் பத்து நொடியாகக் குறைத்தால் மீட்டிங்கில் வாதாடுங்கள். மக்களின் உயிரையும் நிலத்தையும் தண்ணீரையும் தொடும் செய்தியை மறைத்தால், யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள். பொய்யை எழுதச் சொன்னால், அதாவது நடக்காததை நடந்ததாக, சொல்லாததைச் சொன்னதாக எழுதச் சொன்னால், கையை எடுத்துவிடுங்கள். அங்கே பேரம் கிடையாது. தேர்தல் நேரத்தில் காசு வாங்கிக்கொண்டு செய்தி வேடத்தில் போடும் விளம்பரமும் இந்த வகைதான். மாவட்டந்தோறும் தேர்தல் ஆணையத்தின் ஊடகக் கண்காணிப்புக் குழு இதற்கென்றே இருக்கிறது.

குறித்து வைப்பதை லேசாக நினைக்காதீர்கள். 2020 அமெரிக்கத் தேர்தலுக்குப் பிறகு, வாக்கு எந்திர நிறுவனமான டொமினியன் மீது சொல்லப்பட்ட மோசடிக் கதைகளை மர்டாக்கின் ஃபாக்ஸ் நியூஸ் ஒளிபரப்பியது. வழக்கு வந்தபோது உள்ளே இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகள் வெளியே வந்தன. திரையில் பேசவிட்ட கதைகளை அவர்களில் பலர் தனியே நம்பவில்லை என்பது அம்பலமானது. அந்த விருந்தினர்களைத் தடுத்திருக்கலாம், தான் தடுக்கவில்லை என்று மர்டாக்கே வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டார். 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். குரூப்பில் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒருநாள் படிக்கப்படலாம். உங்கள் வரிகள் நீங்கள் வெட்கப்படாத வரிகளாக இருக்கட்டும்.

தனியாகவும் இருக்காதீர்கள். சேப்பாக்கத்தில் பத்திரிகையாளர் மன்றம் இருக்கிறது, சங்கங்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள அரசியலும் எனக்குத் தெரியும். இருந்தாலும் உங்கள் ஷிஃப்டிலேயே இதே மனநிலையில் இரண்டு பேராவது இருப்பார்கள். மூன்று பேர் சேர்ந்து கேட்கும் ‘ஏன் ஹோல்ட்?’ என்ற கேள்வியை யாரும் ஒருத்தியின் திமிர் என்று சொல்ல முடியாது.

அப்பாவிடம் கோபப்படாதீர்கள். மகள் நைட் ஷிஃப்ட் முடித்துப் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும், மாதம் சம்பளம் வர வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் ‘எல்லா சேனலும் இப்படித்தான்’ என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1987-ல் அட்டைப்பட நகைச்சுவைச் சித்திரத்துக்காகச் சட்டப்பேரவை தண்டித்தபோது ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்காமல் சிறைக்குப் போனார். அவர் ஆசிரியர் மட்டுமில்லை, முதலாளியும் அவர்தான். முதலாளிகளிலும் அப்படி ஒருவர் இந்த ஊரில் இருந்திருக்கிறார். எல்லோரும் ஒன்றுதான் என்று மக்கள் நம்பிவிட்டால், வித்தியாசமாக இருக்க முயல்கிறவருக்கு ஆதரவே இல்லாமல் போகும். மோசமான முதலாளிக்கு அதைவிட வசதி வேறில்லை.

வேலையை விடலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் போனால் அந்த நாற்காலியில் உறுத்தல் இல்லாத ஒருவர் வந்து உட்காருவார். மேலே சொன்னபடி ஆறு மாதம் செய்து பாருங்கள். பொய் எழுதச் சொன்னாலோ, நீங்கள் கேள்வி கேட்ட பிறகு உங்களைச் செய்தியே இல்லாத பிரிவுக்குத் தூக்கிப் போட்டாலோ, அப்போது விலகுங்கள். அதற்குள் சில மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வையுங்கள்.

விலகும்போது உரிமைகளை விட்டுக்கொடுக்காதீர்கள். நாளிதழ் ஊழியர்களுக்காக 1955-ல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. மற்ற காரணங்களுக்காகத் தானாக விலகுபவருக்குப் பணிக்கொடை கிடைக்கப் பத்தாண்டுப் பணி வேண்டும், மனச்சாட்சியின் பேரில் விலகுபவருக்கு மூன்றாண்டு போதும். முதலாளிக்கும் பத்திரிகையாளருக்கும் இப்படி ஒரு மோதல் வரும் என்று அன்றே நாடாளுமன்றத்துக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சட்டம் டிவிக்காரர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மின்னணு ஊடகத்தில் இருப்பவர்களையும் உழைக்கும் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கின்றன, பணிக்கொடைக்கு மூன்றாண்டுப் பணி போதும் என்கின்றன. நீங்கள் நான்கு ஆண்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் ஆர்டரில் என்ன பதவி போட்டிருக்கிறார்கள், நேரடி நியமனமா, கான்ட்ராக்டா என்பதைப் பொறுத்து இது மாறும். ‘எக்சிக்யூட்டிவ்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் வாதம் கொஞ்சம் நீளும். எனவே ராஜினாமா கடிதம் எழுதுவதற்கு முன்பே, தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். அப்பாயின்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டுகள், பி.எஃப். விவரம், தேதியோடு நீங்கள் எழுதி வைத்த குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருப்பவற்றை இன்றைக்கே பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள், ராஜினாமா கொடுத்த மறு நிமிடம் லாகின் போய்விடும்.